ஐவி ஜெரேனியம்: தொங்கு தொட்டியில் நிறையப் பூக்க வைக்கும் முழு வழிகாட்டி

தொங்கு தொட்டியிலிருந்து கொடியாக வழிந்து, கொத்துக் கொத்தாகப் பூக்கும் இந்தச் செடியை எல்லோரும் ஐவி ஜெரேனியம் என்கிறோம். உண்மையில் அது ஜெரேனியம் அல்ல, பெலார்கோனியம் பெல்டேட்டம். 1753-ல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இரண்டையும் ஒரே பேரினத்தில் போட்டுவைத்தார். 1789-ல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரிட்டியே பெலார்கோனியத்தைத் தனியாகப் பிரித்தார். தோட்டக்காரர்கள் மட்டும் பழைய பெயரை விடவில்லை. இந்தக் கட்டுரையிலும் வழக்குப் பெயரே வருகிறது.

சந்தேகம் இருந்தால் பூவைப் பாருங்கள். அசல் ஜெரேனியத்தில் ஐந்து இதழ்களும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். பெலார்கோனியத்தில் மேல் இரண்டு இதழ்கள் ஒரு மாதிரி, கீழ் மூன்றும் வேறு மாதிரி. மேல் இதழ்களில் பெரும்பாலும் கருஞ்சிவப்புக் கோடுகள் ஓடும். பூவுக்குச் சற்றுக் கீழே காம்பை பிளேடால் குறுக்கே வெட்டினால் சிறு துளை தெரியும். அது தேன் குழாய். காம்போடு ஒட்டியே இறங்கி, ஒரு சின்னப் புடைப்பில் முடியும். அசல் ஜெரேனியத்தில் இந்தக் குழாய் கிடையாது.

இலையையும் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். காம்பு இலையின் விளிம்பில் சேராமல், தாமரை இலையில் போல உட்பக்கத்தில் வந்து சேர்கிறது. லத்தீனில் பெல்ட்டா என்றால் சிறு கேடயம், அதனால்தான் பெல்டேட்டம். இலை தடிப்பாக, வழவழப்பாக, மடித்தால் பட்டென்று உடைவதாக இருக்கும். உள்ளே தண்ணீரைச் சேமித்து வைத்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில், கடற்கரையை ஒட்டிய வறண்ட புதர்களின் மேல் படர்ந்து வாழும் செடி இது. அங்கே மழை வந்தால் குடித்துக்கொள்ளும், வராவிட்டால் இலையில் இருப்பதை வைத்து ஓட்டும். வீட்டில் இந்தச் செடி கெடுவது பெரும்பாலும் கவனிப்புக் குறைவால் அல்ல. வானிலையைப் பார்க்காமல் நாள் கணக்கு வைத்துத் தண்ணீர் ஊற்றுவதால்தான்.

வெளிச்சமும் வெப்பமும்

இதற்கு உகந்தது பகலில் 18–24 டிகிரி செல்சியஸ், இரவில் 13–16 டிகிரி. 30 டிகிரியைத் தாண்டி நாள் கணக்கில் நின்றால் புது மொட்டு வருவது குறையும், இலை சிறுக்கும், பூக்களின் நிறம் வெளிறும். அது நோய் அல்ல, செடி மூச்சு வாங்குகிறது. அப்போது உரம் கொடுத்து விரட்டினால் வேர்தான் கருகும்.

மிதமான தட்பவெப்பத்தில் நாள் முழுக்க வெயில் தரலாம். வெயில் கடுமையான இடத்தில் காலை 4–5 மணி நேர நேரடி வெயிலும், அதன் பிறகு வெளிச்சமான நிழலும் போதும். மண்டல ஜெரேனியம் எனப்படும் நிமிர்ந்து வளரும் வகையைவிட இது உச்சி வெயிலுக்குச் சற்று மென்மையானது. ஆனால் முழு நிழலில் கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, கொடி நூலாகி, பூ அற்றுப்போகும். கணு இடைவெளி 6–7 சென்டிமீட்டரைத் தாண்டினால் வெளிச்சம் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

காற்றோட்டம் வேண்டும், அடித்துப் போடும் காற்று வேண்டாம். தண்டு கணுவில் எளிதாக முறிந்துவிடும்.

தொட்டியும் கலவையும்

25 சென்டிமீட்டர் விட்டமுள்ள தொங்கு தொட்டிக்கு மூன்று செடி, 30 சென்டிமீட்டர் என்றால் நான்கு. சீக்கிரம் நிறையட்டும் என்று ஆறேழு நடுவது வீண். இரண்டு மாதத்தில் நடுப்பகுதி காற்றில்லாமல் மஞ்சளாகி, சாம்பல் பூஞ்சைக்கு வீடாகும். அடியில் தட்டு பொருத்திய தொட்டி என்றால் தட்டைக் கழற்றிவிடுங்கள், அல்லது வடிந்த நீரை அரை மணி நேரத்துக்குள் கொட்டிவிடுங்கள்.

10 லிட்டர் கலவைக்கு:

- கழுவிய கோகோபீட் (தென்னை நார்க்கழிவுத் தூள்) 5 லிட்டர்
- பெர்லைட் 3 லிட்டர் (எரிமலைப் பாறையைப் பொரித்த இலேசான வெண்குருணை; கிடைக்காவிட்டால் மாவு போகச் சலித்த கரடுமுரடான மணல், ஆனால் தொட்டி கனக்கும், கொக்கி தாங்குமா என்று பாருங்கள்)
- நன்கு மட்கிச் சலித்த உரம் 2 லிட்டர்
- ஜிப்சம் 10 கிராம்
- மெதுவாகக் கரையும் குருணை உரம் 20–30 கிராம்

கோகோபீட்டைக் கழுவாமல் போடாதீர்கள். அதில் சோடியம், பொட்டாசியம் உப்புகள் தங்கியிருக்கும், இலை ஓரம் கருகுவது பாதி அதனால்தான். ஊறவைத்துப் பிழிவதை மூன்று முறை செய்யுங்கள். ஜிப்சம் எதற்கென்றால், கோகோபீட் கால்சியத்தைத் தன்னிடம் பிடித்துவைத்துக்கொள்ளும், செடிக்கு மிஞ்சாது.

கலவையின் அமில-கார அளவு (pH) 5.5-இலிருந்து 6.0 வரை இருக்கட்டும். இது 6.5-ஐத் தாண்டினால் இரும்புச்சத்தை வேர் எடுப்பது கடினமாகும். குருத்து இலைகளில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறுவது அதன் அடையாளம். சுண்ணாம்பு அதிகமுள்ள கடின நீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் சில மாதங்களில் கலவை அந்தப் பக்கம் நகர்ந்துவிடும். மழைநீரைச் சேர்த்து ஊற்றுவது நல்ல தீர்வு. உடனடி நிவாரணத்துக்குக் கீலேட் வடிவ இரும்பை (வேர் எளிதில் எடுக்கும்படி கரையும் இரும்பு உரம்), பாக்கெட்டில் சொன்ன அளவில், வேருக்கு ஊற்றலாம்.

தண்ணீர்

'இரண்டு நாளுக்கு ஒருமுறை' என்பது போன்ற விதி இந்தச் செடிக்குப் பொருந்தாது. வெயில் நாளில் ஒரே நாளில் காயும் தொட்டி, மேகமூட்டமான வாரத்தில் ஐந்து நாள் ஈரமாக நிற்கும்.

நம்பகமான வழி எடை. நட்ட தொட்டியை நன்றாக நனைத்து, சொட்டுவது நின்றதும் தூக்கிப் பாருங்கள், தராசு இருந்தால் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அப்போது 3.5 கிலோ இருந்தால், 2.5 கிலோ அருகே இறங்கும்வரை அடுத்த தண்ணீர் வேண்டாம். இரண்டு வாரத்தில் கைக்கே கணக்குப் பழகிவிடும். தராசு இல்லையென்றால் விரலை விட்டுப் பாருங்கள்: மேல் 3 சென்டிமீட்டர் காய்ந்திருக்க வேண்டும்.

ஊற்றும்போது அரைகுறையாக ஊற்றாதீர்கள். ஊற்றியதில் பத்தில் ஒரு பங்காவது கீழே வடியும்படி முழுக்க நனையுங்கள், உப்பும் அடித்துச் செல்லப்படும். ஊற்றும் நேரம் காலை. இலைமேல் ஊற்றாமல் மண்ணில் ஊற்றுங்கள். வாடினால் மீளும் செடி இது. ஆனால் மொட்டு விட்ட நேரத்தில் அடிக்கடி வாடவிட்டால் மொட்டுகள் பழுப்பாகிக் காய்ந்துவிடும். வறட்சியைத் தாங்கும் என்பதற்காகச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

இலைக் கொப்புளம்

ஐவி ஜெரேனியம் வளர்ப்பவர்கள் அதிகம் பயப்படுவதும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான். இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் வேர்க்குரு போட்டது போலச் சின்னச் சின்னப் புள்ளிகள், முதலில் நீர் கோத்துப் பளபளப்பாக இருக்கும். சில நாளில் அவை பழுப்பாகி, தக்கை போலச் சொரசொரப்பாகும். விரலால் தடவினால் உப்புத்தாள் மாதிரி இருக்கும். முற்றினால் மேல்பக்கம் மஞ்சள் புள்ளிகள் தெரிந்து இலை உதிரும்.

இதைப் பூஞ்சை என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் பலர். பூஞ்சையும் இல்லை, பூச்சியும் இல்லை, பக்கத்துச் செடிக்குத் தொற்றவும் தொற்றாது. இலை வெளியேற்றுவதைவிட வேகமாக வேர் நீரை ஏற்றினால் இலைத் திசுக்கள் நீரால் வீங்கி வெடிக்கின்றன. அந்தப் புண் ஆறும்போது தக்கையாகிறது. கலவை ஈரமாகவும் கதகதப்பாகவும் இருந்து, காற்று குளிர்ந்து, புழுங்கி, அசையாமல் நிற்கும் மேகமூட்ட நாட்களில் இது அதிகம் வரும். மாலையில் தண்ணீர் ஊற்றினால் இரவு முழுக்க அதே நிலைதான்.

செய்ய வேண்டியது:

முதலில் தண்ணீரை நிறுத்தி, தொட்டி நன்றாக இலேசாகும்வரை காத்திருங்கள். செடியை வெளிச்சம் கூடுதலான, காற்று ஓடும் இடத்துக்கு மாற்றுங்கள். தொட்டிகளுக்கு இடையில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். நெருக்கமாக இருக்கும் நடுக்கொடிகள் இரண்டு மூன்றை அடியோடு எடுத்துவிடுங்கள். ஆனால் கொப்புளம் வந்த இலைகளை எல்லாம் ஒரேயடியாகக் கிள்ளிவிடாதீர்கள். இலை குறைந்தால் நீர் வெளியேறும் பரப்பு குறைகிறது, மிச்சமிருக்கும் இலைகளில் கொப்புளம் இன்னும் கூடும். வந்த வடு மறையாது. புதிதாக வரும் இலை சுத்தமாக இருந்தால் சரியாகிவிட்டது என்று பொருள்.

ஒரு எச்சரிக்கை: இலைப்பேனும் செஞ்சிலந்தியும் சுரண்டிய தழும்பும் ஏறக்குறைய இப்படியே இருக்கும். வெள்ளைத் தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். தாளில் ஏதாவது நகர்ந்தால் அது பூச்சி. நிறைய நகர்ந்தால் சந்தேகமே வேண்டாம்.

உரம்

நட்டு மூன்று வாரம் எதுவும் வேண்டாம். அதன்பின் வளரும் பருவத்தில், தழை, மணி, சாம்பல் சத்து சமமாக உள்ள நீரில் கரையும் உரத்தை லிட்டருக்கு 1 கிராம் வீதம் வாரம் ஒருமுறை கொடுங்கள். மொட்டு தெரிந்ததும் சாம்பல் சத்து கூடுதலான உரத்துக்கு மாறுங்கள். கலவையில் குருணை உரம் போட்டிருந்தால் இதில் பாதி போதும். காய்ந்த மண்ணில் உர நீர் ஊற்றாதீர்கள், முதலில் வெறும் நீரால் நனைத்துவிட்டு ஊற்றுங்கள்.

தழைச்சத்து மிஞ்சினால் இலை பெரிதாகி, கரும்பச்சையாகி, பூ நின்றுவிடும். ‘செடி நன்றாகத்தான் இருக்கிறது, பூதான் வரவில்லை’ என்பவர்கள் பெரும்பாலும் இந்த ரகம். இல்லாவிட்டால் வெளிச்சக் குறைவு.

பெலார்கோனியத்துக்கு மெக்னீசியத் தேவை கொஞ்சம் அதிகம். அடி இலைகளில் நரம்புக்கு இடையே மஞ்சள் படர்ந்தால் அந்தக் குறைதான். மேலே சொன்ன இரும்புக் குறை குருத்தில் தொடங்கும், இது முதிர்ந்த இலையில் தொடங்கும். மாதம் ஒருமுறை லிட்டருக்கு 2 கிராம் எப்சம் உப்பு கரைத்து ஊற்றினால் போதும். ஜிப்சமோ கால்சியம் உரமோ அதே நீரில் கலக்க வேண்டாம்.

நுனி கிள்ளுவதும் பூக்காம்பு எடுப்பதும்

இளஞ்செடியில் ஐந்தாறு இலை வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளைகள் 10 சென்டிமீட்டர் ஆனதும் இன்னொருமுறை. ஒவ்வொரு கிள்ளலும் பூவைச் சில வாரங்கள் தள்ளிப்போடும். ஆனாலும் இரண்டுமுறை கிள்ளிய செடிக்கும் கிள்ளாத செடிக்கும் உள்ள வித்தியாசம் பருவம் முழுக்கத் தெரியும்.

வாடிய பூக்கொத்தைக் கத்தரியால் பாதியில் வெட்டாதீர்கள். மிச்சக் காம்பு அழுகும். காம்பு தண்டோடு சேரும் இடத்தில் விரலை வைத்து ஒரு பக்கமாக மடக்கினால் 'டக்' என்று சுத்தமாகப் பிரிந்துவிடும். ஒற்றை இதழ் வகைகளில் பூ தானாக உதிர்ந்துகொள்ளும், அதிக வேலை இல்லை. அடுக்கு இதழ் வகைகளில் வாடியது கொத்திலேயே ஒட்டிக்கொண்டு, மழையில் நனைந்து, சாம்பல் பூஞ்சையை இலைமேல் கொட்டும். மழை அதிகமுள்ள இடத்தில் ஒற்றை வகையே நிம்மதி.

வெட்டுத்துண்டிலிருந்து புதுச் செடி

கலப்பு வகைகளின் விதை தாய்ச்செடியைப் போல வராது. இயற்கை இன விதை கிடைத்தால் 3–5 மில்லிமீட்டர் ஆழத்தில், 20–24 டிகிரியில் விதைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். மற்றபடி துண்டு போடுவதே வழி.

1. முந்தின நாள் தாய்ச்செடிக்குத் தண்ணீர் கொடுங்கள். நோய்க்கு அறிகுறி துளி இருந்தாலும் அந்தச் செடியில் துண்டு எடுக்காதீர்கள்.

2. பூ இல்லாத கிளை நுனியில் 6–8 சென்டிமீட்டர், மூன்று கணு உள்ளதாகப் பாருங்கள். கத்தியை 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்து, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். ஒரு செடி முடிந்து அடுத்த செடிக்குப் போகும்போது மறுபடி துடைக்க வேண்டும்.

3. கீழ்க்கணுவின் இலையை நீக்குங்கள். இலையடியில் காகிதம் போல ஒட்டியிருக்கும் சிறு செதில்களையும் உரித்துவிடுங்கள். அழுகல் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். மொட்டு இருந்தால் கிள்ளிவிடுங்கள்.

4. வெட்டு வாய் உலரும்படி நிழலில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்திருங்கள். நீரில் போட்டு வைக்காதீர்கள்.

5. 7 சென்டிமீட்டர் தொட்டியில் கோகோபீட்டும் பெர்லைட்டும் சரிபாதி, உரம் எதுவும் வேண்டாம். குச்சியால் குழி போட்டு ஒரு கணு மறையும்படி நடுங்கள். அழுத்தித் திணிக்காதீர்கள். வேரூக்கிப் பொடி கட்டாயமில்லை. போட்டால் நுனியில் லேசாக.

6. ஒருமுறை நனைத்து, 18–22 டிகிரியில், நேரடி வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் உறையால் மூட வேண்டாம். மற்றச் செடிகளுக்கு உதவும் அந்த முறை இதற்கு எமன்; புழுக்கத்தில் தண்டு அடியிலிருந்து கறுத்துவிடும்.

7. மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். லேசாக இழுத்தால் எதிர்த்து நிற்கும், குருத்து புதிதாக விரியும். தொட்டித் துளையில் வேர் எட்டிப் பார்த்ததும் மாற்றி நட்டு, ஒரு வாரம் கழித்து நுனி கிள்ளுங்கள்.

தண்டின் அடி மைபோலக் கறுத்து மேலே ஏறினால் அது கருங்கால் நோய். பித்தியம் என்ற நீர்ப்பூஞ்சை செய்யும் வேலை. காப்பாற்ற முயலாமல் கலவையோடு எறிந்துவிடுங்கள். ஈரக் கலவையில் பறக்கும் சின்னக் கறுப்பு ஈக்களின் புழுக்கள் இளவேரைக் கடித்து இதற்கு வாசல் திறந்துவிடும். மேல்மண் காய்ந்திருந்தால் ஈயும் குறையும், நோயும் குறையும்.

பூச்சிகள், நோய்கள்

வெள்ளை ஈ, அசுவினி, மாவுப்பூச்சி வந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி மென்சோப்பும் கலந்து, வெயில் தாழ்ந்தபின், இலையின் அடிப்பக்கம் நனையும்படி வாரம் ஒருமுறை மூன்று முறை அடியுங்கள். முதலில் ஓர் இலையில் அடித்து ஒருநாள் பாருங்கள். செஞ்சிலந்தி வறண்ட வெக்கையில் வரும். இலையின் பளபளப்பு போய்த் தூசி படிந்தது போலத் தெரிந்தால் அடியில் தேடுங்கள்.

மொட்டில் ஊசி குத்தியது போல ஓட்டை, தண்டுக்குள் பச்சைப் புழு என்றால் வெண்கல ஜெரேனியப் பட்டாம்பூச்சியாக இருக்கலாம். செடியைப் போலவே அதுவும் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1980-களின் இறுதியில் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் தென்பட்டு, பிறகு தென் ஐரோப்பாவின் பால்கனிகள் எங்கும் பரவியது. ஓட்டை உள்ள மொட்டையும் தண்டையும் வெட்டி அழிப்பதே முதல் வேலை. உள்ளே போன புழுவை மேலே அடிக்கும் மருந்து எட்டாது.

மண்டல ஜெரேனியத்தைப் பாடாய்ப் படுத்தும் துரு நோய் ஐவி வகையை அதிகம் தொடுவதில்லை. ஆனால் சாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியா நோய் விஷயம் தலைகீழ். மண்டல வகையில் இலை ஓரத்தில் 'வி' வடிவ மஞ்சள் ஆப்பு விழும், செடி வாடும், எளிதில் கண்டுபிடித்துவிடலாம். ஐவி வகையோ பெரும்பாலும் வாடாது. சத்துக் குறை போல, செஞ்சிலந்தி போல ஏதோ மங்கலாகத் தெரியும், நாம் உரம் போட்டுக்கொண்டிருப்போம். அதற்குள் மேலே தொங்கும் தொட்டியிலிருந்து சொட்டும் நீர் கீழே இருக்கும் மண்டல வகைகளுக்கு நோயை இறக்கிவிடும். ஆகவே மண்டல வகைக்கு நேர் மேலே ஐவியைத் தொங்கவிடாதீர்கள். இந்த நோய்க்கு மருந்து கிடையாது. செடி, கலவை இரண்டையும் குப்பைக்கு அனுப்புங்கள், உரக்குழிக்கு வேண்டாம். தொட்டியைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்யாமல் மறுபடி நடாதீர்கள்.

பூனை, நாய் வளர்ப்பவர்களுக்கு: பெலார்கோனியம் இரண்டுக்கும் ஒவ்வாதது. தின்றால் வாந்தியும் சோர்வும் வரலாம். கொடியின் நுனி அவற்றுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

ஓய்வுக் காலம்

உறைபனியை இந்தச் செடி தாங்காது. குளிர்ப் பகுதியில் முதல் உறைபனிக்கு முன்பே உள்ளே எடுத்து, கொடிகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, 5–10 டிகிரியில் வெளிச்சமான இடத்தில் வையுங்கள். மாதம் இரண்டு முறை, வேர் சாகாத அளவு தண்ணீர், உரம் இல்லை. குளிர் விலகும்போது 10–15 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டி, மேல்மண்ணை மாற்றி, மெல்ல மெல்ல வெயிலுக்குப் பழக்குங்கள். நேராக முழு வெயிலில் வைத்தால் இரண்டே நாளில் இலை வெளுத்துவிடும்.

வெப்பப் பகுதியில் ஓய்வு கோடையில் வரும். பூ குறைந்ததும் உரத்தை நிறுத்தி, தொடர்மழை நேரடியாகப் படாத, காற்றோடும் நிழலில் வைத்துக் காப்பாற்றினால் போதும். வெயில் தணிந்தபின் வெட்டிவிட்டு உரத்தைத் தொடங்குங்கள். அந்தக் கடும் வெயிலில் மட்டும் ஆழமாக வெட்ட வேண்டாம். துளிர்க்கத் திராணி இல்லாமல் அடித்தண்டு காய்ந்துவிடும்.

மூன்றாம் ஆண்டில் அடித்தண்டு மரமாகி, இலையெல்லாம் நுனிக்குப் போய், நடுவில் தொட்டி மொட்டையாகத் தெரியும். வெட்டினாலும் பழைய அடர்த்தி திரும்ப வராது. இரண்டாம் ஆண்டு ஓய்வு முடிந்து வெட்டும்போதே, வெட்டி எறியும் நுனிகளில் நல்லதாக ஆறேழைத் துண்டு போட்டுவிடுங்கள். பழைய தொட்டி தளரும்போது புதியது பூக்கத் தயாராக நிற்கும்.